ஆளுக்கு ஒரு துண்டு

ஐந்தாம் மேஜைக்காரருக்கும் கூட்டல்காரிக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகிறது. இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், குடிநீர்ப் பரிசோதனை அலுவலகத்தில். சண்டையை மட்டும் வீட்டுக்கொன்று, அலுவலகத்துக்கொன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். அந்த வாரம் இரண்டும் ஒன்றாகிவிட்டது. அதனால்தான் பக்கத்து வீடுகள் வரைக்கும் விஷயம் வந்து சேர்ந்தது. சுவர் மெல்லிசு, கேட்ட காதுகளைக் குறை சொல்லக்கூடாது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலை உண்டு. வாணலியில் ஒட்டாமலிருக்க, மழைக்கோட்டு நனையாமலிருக்க என்று பூச்சு தயாரித்த இடம். முதலாளி மூடிவிட்டுப் போய்ப் பத்து வருஷமாகிறது. அவர் போனாரே தவிர, அவர் கழித்துவிட்ட ரசாயனங்கள் போகவில்லை. அவை லேசில் மட்காத ஜாதி. மண்ணுக்குள் போனாலும் உடம்புக்குள் போனாலும் வாடகை தராமல் வருஷக்கணக்கில் குடியிருக்கும். அந்தப் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் அப்படி ஆறு வகை தென்பட்டது.

அலுவலகத்திலும் ஆறு மேஜை. மேஜைக்கு ஒரு ரசாயனம், ஓர் அதிகாரி, ஒரு பச்சை முத்திரை. தன் ரசாயனம் வரம்புக்குக் கீழே இருந்தால் அதிகாரி 'பாதகமில்லை' என்று குத்துவார். ஆறு பச்சை விழுந்தால் கோப்பு மூடப்படும். அடுத்த மேஜையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்பது அங்கே வழக்கம். (இப்படி ஓர் அலுவலகம் எப்படித்தான் ஓடுகிறதோ, எட்டிப் பார்க்காமல் ஒரு நாள்கூட இருக்க முடியாதவர்களுக்கு விளங்குவதில்லை.)

ஆறும் விழுந்தாயிற்று. வியாழக்கிழமைக் கூட்டத்தில் மூட வேண்டியதுதான் பாக்கி.

ஆறு பேரின் எண்களையும் ஒரே தாளில் அட்டவணையாக அடிப்பவள் கூட்டல்காரி. ஒரே தாளில் பார்த்ததால் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வரம்பை நூறு என்று வைத்தால் முதலாவது நாற்பது, அடுத்தது முப்பத்தைந்து, பிறகு ஓர் இருபத்தைந்து, நாலாவதும் ஐந்தாவதும் முப்பது முப்பது. இந்த ஐந்தும் போய்த் தாக்குவது ஒரே கல்லீரலை. கூட்டினால் நூற்றறுபது! ஆறாவது கல்லீரல் பக்கமே போகாதது. அதை அவள் சேர்க்கவில்லை. தன்னை மட்டும் விட்டுவிட்டார்களே என்று ஆறாம் மேஜைக்காரருக்கு வருத்தம்கூட.

நூறைத் தாண்டினால் நாளைக்கே எல்லோரும் படுத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. கோப்பை மூடாமல் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பார்த்து முடிகிறவரை அந்தத் தெருக்களுக்கு லாரித் தண்ணீர் வரும். அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் கூட்டல்காரியின் தங்கை இருந்தாள். ஏழாம் மாசம். வாயும் வயிறுமாக, தினமும் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டு.

ஆனால் கூட்டலைக் கோப்பில் சேர்க்க மேஜைக்காரர் ஒருவராவது கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்க கையெழுத்து ஒண்ணு போதும்ங்க," என்றாள் திங்கட்கிழமை காலையில், அவர் சட்டைப் பொத்தான் போடும்போது.

"என்னுது வெறும் முப்பது. வரம்புல மூணுல ஒரு பங்குகூட இல்ல. நான் எதுக்குத் தலையைக் கொடுக்கணும்?"

"நாலாம் மேஜையும் இதையேதான் சொல்றாரு."

"அவர் சொல்றதும் சரிதானே!"

"அஞ்சு பேரும் சரி. தண்ணி மட்டும் தப்பா?"

"அடுத்தவன் பாரத்தை என் தலையில ஏத்தாதே. நாளைக்கு ஊரே என் முத்திரை பொய்னு சொல்லும்."

ஆளைத் தப்பாக நினைக்க வேண்டாம். மச்சினி மேல் உயிர். ஆனால் பதினான்கு வருஷத்தில் ஒரு முத்திரையைக்கூடத் திரும்ப வாங்கியதில்லை என்ற பெருமை அதைவிட ஒரு சுற்றுப் பெரியது. கூட்டல்காரி அன்றைக்கு அவருடைய சாப்பாட்டு டப்பாவை அப்படி ஓங்கி மூடினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தங்கை வீட்டிலிருந்து ஃபோன். சர்க்கரை ஏறிவிட்டது. பரிசோதிக்க வந்த நர்ஸ், "யாரு இவங்களுக்கு இனிப்பு கொடுத்தது?" என்று வீட்டையே ஒரு பிடி பிடித்துவிட்டுப் போயிருக்கிறார். இருவரும் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள்.

போனதும் ஐந்தாம் மேஜைக்காரர் நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு விசாரணையைத் தொடங்கினார். விசாரிப்பதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கேக்கெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு சின்னத் துண்டுக்கு மேல கூடாதுன்னாரு சகலை," என்றான் தங்கையின் புருஷன். "நானும் ஒண்ணே ஒண்ணுதான் கொடுத்தேன். அளந்து."

அவன் அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "புள்ளைத்தாச்சி ஆசையாப் பார்த்தா. நானும் ஒண்ணுதான் கொடுத்தேன். டாக்டர் சொன்னதைத் தாண்டல."

"நான் காலையில ஒண்ணு," என்றாள் நாத்தனார். "அதுவும் ஓரத்துத் துண்டு."

"இப்படி ஆளாளுக்கு நான் ஒண்ணுதான், நான் ஒண்ணுதான்னா என்ன அர்த்தம்?" ஐந்தாம் மேஜைக்காரர் எழுந்தேவிட்டார். "தின்னது ஒரு வாய்தானே? எல்லாம் போய்ச் சேர்றது ஒரே வயிறுதானே? கொடுத்தவங்க கையையா பார்க்கிறது? மொத்தமாக் கூட்டிப் பார்க்க இந்த வீட்டுல ஒருத்தருக்குமா அறிவில்ல?"

கூட்டல்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அப்படியொரு பார்வையை அவர் பார்த்ததில்லையாம். பிறகு அவரே சொன்னது.

கட்டிலிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "அத்தான், மதியம் ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியில ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தீங்களே, அதையும் சேர்த்துக்கோங்க."

அவர் முகம் செத்துப்போனது.

"அக்கா நேத்தே அனுப்பின டப்பாவுல ஒண்ணு இருந்துச்சு. அதையும் இன்னிக்குத்தான் தின்னேன்."

கூட்டல்காரிக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஊர்த் தண்ணீரையெல்லாம் கூட்டியவள், தன் துண்டைக் கூட்டவில்லை.

"ஏன்டி, நீயாவது சொல்லக்கூடாதா?" என்றாள்.

"எங்கிட்ட யாருக்கா கேட்டீங்க? எல்லாரும் பாசமா ஒண்ணு ஒண்ணு நீட்டுனீங்க. நான் வேண்டாம்னா மனசு நோகும்ல?"

ஐந்தாம் மேஜைக்காரர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். நாத்தனார் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து வந்து நீட்டினாள். வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். தெளிந்த தண்ணீர். அதில் அவருடைய முப்பது எங்கே, நாலாம் மேஜையின் முப்பது எங்கே என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. தம்ளரையும் மச்சினியின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குடிக்காமலே கீழே வைத்தார்.

"அந்தத் தாள் பையில இருக்கா?" என்றார் மனைவியிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இருக்காதா? சனிக்கிழமையிலிருந்து பையிலேயே இருக்கிறது, பேனாவோடு.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நாலாம் மேஜைக்காரர் குதித்தாராம். "ஓய், உம்ம ரசாயனம் வெறும் முப்பதுதானே? எதுக்குய்யா கையெழுத்துப் போட்டீர்?"

"நானும் ஒரு துண்டுதான் கொடுத்தேன்" என்றாராம் இவர். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கையெழுத்து கையெழுத்துதான். கோப்பை மூட முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதல் லாரி வந்து நின்றது.

தங்கை முதல் குடத்து நீரைக் குடித்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஐந்தாம் மேஜைக்காரர் ஒரு கேக் துண்டை வைத்துக்கொண்டு, கத்தியால் அதை ஐந்து சமபங்காக நறுக்கிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒன்று ஊட்டலாம், மனசும் நோகாது, மொத்தமும் தாண்டாது என்பது அவர் ஏற்பாடு.

தன் பங்குக்கு அவர் நீட்டிய விரல் நகமளவு துண்டைத் தங்கை உற்றுப் பார்த்தாள்.

"அத்தான், இந்தக் கூட்டலையெல்லாம் ஆபீஸோட வெச்சுக்கக் கூடாதா?"