நாராப் புதரின் வண்டுகள்

மகள் லியாவின் கன்னத்தில் கொப்புளம் வந்த மறுநாளே எல்ஃப்ரீடா வண்டு பொறுக்கத் தொடங்கினாள். கறுப்பில் மஞ்சள் பட்டை போட்ட வண்டு. நாரா என்கிற முட்புதர் பூத்துவிட்டால் பூவுக்குப் பூ உட்கார்ந்திருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை அதில் ஒரு வண்டைப் பிடித்துக் கன்னத்திலேயே நசுக்கிவிட்டது. நாலு நாளில் கொப்புளம் வற்றியது. எல்ஃப்ரீடாவின் பயம் வற்றவில்லை.

பாலைவனத்துக் குயிசெப் ஆற்றோரம் அவள் கணவன் குடும்பத்துக்குப் பதினொரு நாராப் புதர்கள். இலை கிடையாது, உடம்பெல்லாம் பச்சை முள். ஒவ்வொன்றும் தன் மணல்மேட்டைத் தானே கட்டிக்கொண்டு அதன்மேல் படர்ந்திருக்கும். கடலிலிருந்து மூடுபனி வரும் காலைகளில் வண்டுகள் விறைத்துப்போய் அசையாமல் இருக்கும். அந்த நேரமாகப் பார்த்து, நாளுக்கு ஒரு புதர் என்று மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் பொறுக்கிப் போட்டாள். பதினொன்றும் முடிந்தால் மறுபடி முதல் புதர். இப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தபின், எதையாவது விட்டுவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் வேறு.

கணவன் கொட்லீப் வால்விஸ் பே துறைமுகத்து மீன் ஆலையில் வேலை பார்த்தான். மாதம் ஒருமுறைதான் வருவான். அவனிடம் இதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

நவம்பரில் அவன் அக்கா மரியெட்டா கழுதை வண்டியில் வந்து இறங்கினாள். எந்தப் புதரில் எப்போது காய் பறிப்பது என்று சொல்கிறவள் அவள்தான். கை கழுவ வீட்டுக்குப் பின்னால் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எல்ஃபி, இங்க வா. இந்த டப்பால என்ன?"

"வண்டு, அண்ணி. பிள்ளைக்குக் கொப்புளம் வந்துச்சுன்னு..."

"இதெல்லாம் நம்ம புதர்ல இருந்தா?"

"ஆமா. பதினொண்ணுலயும். மூணு தடவை."

மரியெட்டா ஒரு குச்சியால் டப்பாவைக் கிளறினாள்.

"ஆண் புதர் ஒரு மேட்டுல, பெண் புதர் ஒரு மேட்டுல. நடுவுல பூந்தூளைத் தூக்கிட்டுப் போய் வர்றது யாருன்னு நெனச்ச? உன் புருஷனா?"

 எல்ஃப்ரீடா பிறந்த கிபியோன் ஊரில் நாரா கிடையாது. இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. காயைப் பறிக்கத் தெரியும், சதையைக் காய்ச்சத் தெரியும், விதையைக் காயவைக்கத் தெரியும். பூ எப்படிக் காயாகிறது என்று அவள் யோசித்ததும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. அந்தப் பதினொரு புதரை நம்பி ஐந்து வீடுகள் இருந்தன. குளிர்காலம் முழுக்க அவர்களுக்கு அதுதான் சாப்பாடு.

"அப்போ இந்த வருஷம் காயே இருக்காதா, அண்ணி?"

"எனக்கென்ன தெரியும், புதர் வயித்துக்குள்ள போயா பாத்தேன்? நீ பாக்கலையா?"

"வண்டைத்தான் பாத்தேன்."

"நல்லாப் பாத்த போ. அந்த நீளக் கோலை எடு."

பக்கத்துப் பெண் புதரின் ஓரத்தில் காய்ந்த பூக்கள் மட்டும் தொங்கின. தொட்டதும் உதிர்ந்தன. அடுத்த புதரிலும் அதே கதை. மரியெட்டா கோலை வாங்கிக்கொண்டு அடுத்த மேட்டைப் பார்த்து நடந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது எல்ஃப்ரீடாவுக்கு. கொட்லீபிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எந்த வார்த்தையும் சரியாக இல்லை.

மூன்றாவது மேட்டில் மரியெட்டா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் குப்புறப் படுத்தாள். கோலை உள்ளே விட்டு முள் கொடிகளைத் தூக்கினாள்.

"படு."

"ஏன் அண்ணி?"

"படுடீ. கேள்வியை அப்புறம் கேளு."

எல்ஃப்ரீடா படுத்தாள். உள்ளே, முள் வலைக்கு அந்தப்பக்கம், கைமுட்டி அளவில் ஒரு பச்சைக் காய். அதன்மேல் கவசம் போட்டதுபோல ஒரு கொழுத்த முள்ளுப்பூச்சி உட்கார்ந்து தோலைக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு காய். அதற்கும் அப்பால் நாலைந்து. உள்பக்கத்துப் பூ ஒன்றில் மஞ்சள் பட்டை வண்டுகள் மூன்று முகம் புதைத்துத் தின்றுகொண்டிருந்தன.

"உன் கை எவ்வளவு தூரம் போகும்?"

எல்ஃப்ரீடா கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை போவதற்குள் முள் குத்தியது.

"அவ்வளவுதான். அதுக்கு உள்ள இருந்ததெல்லாம் உன்னைப் பாத்துச் சிரிச்சிருக்கும். முப்பது நாளா தெருவைப் பெருக்கிட்டு, வீட்டைப் பெருக்கினதா நெனச்சிருக்க."

சிரிப்பதா அழுவதா என்று எல்ஃப்ரீடாவுக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது, மூக்கில் மணலோடு. ஒழுங்காகச் செய்ததாக நினைத்த வேலை இவ்வளவு அரைகுறை என்பதில் சின்னதாய் ஒரு ரோஷமும் இல்லாமல் இல்லை.

மீதிப் பெண் புதர்களிலும் வரிசையாகப் படுத்துப் படுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டுக்கும் திரும்பி வந்தார்கள். அவற்றின் நடுவிலும் காய் இருந்தது. ஓரம் மட்டும் எல்லாவற்றிலும் மொட்டையாக இருந்தது. எல்ஃப்ரீடா எண்ணிக்கொண்டே வந்தாள். எழுபதைத் தாண்டியதும் ஒரு கொடி முகத்தில் அடித்து எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணலாமா என்று கேட்டாள்.

"பறிக்கும்போது எண்ணிக்கோ."

"ஓரத்துல ஒண்ணுகூட இல்லையே, அண்ணி. அதுக்கு அவர்கிட்ட நான் என்ன சொல்றது?"

மரியெட்டா எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"ஓரத்துக் காயை எந்த வருஷம் நாம தின்னுருக்கோம்? அது குள்ளநரிக்குப் போறது. நரி வந்து கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

எல்ஃப்ரீடா எழவில்லை. வெயில் முதுகில் சுட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்து, அந்த மூன்று வண்டுகளும் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.