ஒத்துப்போன துடிப்பு

நாமக்கல்லில் லாரி ஓட்டியவனுக்கு எஃப்.சி. பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வண்டி சரியாக இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் தகுதிச் சான்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குறை இருந்தால் மறுபடி கொண்டுவரச் சொல்வார்கள். ஊரில் இன்னும் இரண்டு நாள் இருக்க ஆசைப்படும் டிரைவர், பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டே அங்கே போவான். என் இருதயத்தையும் அப்படித்தான் நினைத்துவிட்டேன். டிரைவர் புத்தி, வேறென்ன.

சர்க்கரை வியாதிக்காரர்களின் இருதய நரம்பைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் ஆள் சேர்த்தார்கள், நானும் சேர்ந்தேன். படுக்கவைத்து நெஞ்சில் வயர் ஒட்டுவார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள், எழுந்து நிற்கச் சொல்வார்கள். அதற்கேற்ப துடிப்பு ஏறி இறங்குகிறதா என்று மெஷின் பார்க்கும். சோதனை செய்யும் பெண் பெயர் சுகன்யா.

"ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா சாமி? காலைல என்ன சாப்டீங்க?"

என் மனைவி பெரியநாயகி போன பிறகு இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பூனாவில் இருக்கும் மகன் போனில் "மாத்திரை போட்டீங்களா" என்பதோடு வைத்துவிடுவான். எல்லோரிடமும் கேட்பதைத்தான் சுகன்யா என்னிடமும் கேட்கிறாள். அது தெரியாத கேனையனா நான்? ஆனாலும் காலையில் தின்ற பழைய சோற்றைப் பற்றி ஓயாமல் பேசினேன். அவளும் கேட்டாள்.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் இதே நேரத்துக்கு வாங்க. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வருதான்னு பாக்கறோமுங்க. ஒத்து வரலீன்னா இன்னொருக்கா வரச் சொல்லுவோம்" என்றாள்.

இன்னொருக்கா. அந்த வாரம் முழுக்க டிவிக்கு எதிரில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் துணை.

சொன்ன நாளில் ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஸ்ட்ராங்காக மூன்று டீ அடித்தேன். லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஓட்டமும் நடையுமாக ஏறினேன். கண் இருட்டியது. இருட்டட்டும் என்று ஏறினேன்.

"டீ, காபி ஏதாச்சும் குடிச்சீங்களா?"

"தொடவே இல்லீங்க அம்மிணி."

சோதனை முடிந்ததும் சுகன்யா டாக்டர் ஸ்ரீதேவியைக் கூட்டிவந்தாள். டாக்டர் இரண்டு வாரத்துத் தாளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"அச்சு அசலா ஒத்து வந்திருக்குங்க."

"அதெப்படிங்க ஒத்து வரும்?" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"இருதயத்துக்குப் போற நரம்பைச் சர்க்கரை கெடுத்துருச்சுங்க. நீங்க என்ன பண்ணுனாலும் துடிப்பு நகராது. மாரடைப்பு வந்தாக்கூட வலி தெரியாமப் போயிரலாம். சீட்டு தர்றேன், இன்னைக்கே கீழ இருதய டாக்டரைப் பாத்துருங்க."

"பாக்கறேனுங்க. இங்க இன்னொருக்கா எப்ப வரட்டுமுங்க?"

"வேண்டாமுங்க. இங்க உங்க வேலை முடிஞ்சுது."

டாக்டர் போய்விட்டார். நரம்பு கெட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேண்டாமுங்க என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த வயதில் அந்தக் கட்டிலில் கிடந்து ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க சாமி, என்னமோ பண்ணுதா?"

கேட்டுக்கொண்டே சுகன்யா என் முகத்தைப் பார்க்காமல் மெஷினில் துடிப்பு எண்ணைப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு. அப்போதும் தொண்ணூற்றிரண்டுதான்.

"ஒண்ணுமில்லீங்க, அப்படியேதான் இருக்குது" என்று அவளே பதில் சொல்லிவிட்டு, வயர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தாள்.