தையல்காரருக்கு வந்த நமைச்சல்

தையல்காரரின் மனைவி காஞ்சொறியை வெறுங்கையால் பறித்தால் நமைச்சல் அவளுக்கு வராது. மூன்று தெரு தள்ளிக் கடையில் உட்கார்ந்திருக்கும் தையல்காரருக்குத்தான் வரும். கல்யாணமான மறுநாளே இது தொடங்கிவிட்டது. அவள் ஆற்றோரம் தானாக முளைக்கும் அந்தச் செடியின் பட்டையை உரித்து, சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, அடித்து அலசி, நாராக்கி நூற்பவள். ஊரின் கயிறும் சாக்கும் மீன்வலையும் அந்த நாரில்தான்; கொழுந்து கீரையாக அடுப்புக்குப் போனது. அந்த நூலில் தைத்த பொத்தான் சட்டை கந்தலான பிறகும் உதிராது என்பதால் கடைக்கும் நல்ல பெயர். அளவு கொடுக்க வந்தவர்கள், அவர் சொறிந்து முடிக்கும்வரை கையைத் தூக்கியபடி பொறுமையாக நின்றார்கள். முதுகு எட்டாதபோது அளவுகோலை எடுத்துக் கொடுத்தார்கள்.

சில வருஷம் இப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் தலைமையாசிரியரின் கால்சட்டைக்குத் துணி வெட்டும்போது நமைச்சல் எடுக்க, ஒரு கால் முழங்காலோடு நின்றுவிட்டது. தலைமையாசிரியர் அதையே போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றதில் தையல்காரரின் மானம் கப்பலேறியது. இனிமேல் கையுறை போட்டுத்தான் பறிக்க வேண்டும் என்று வீட்டில் வந்து குதித்தார். கையுறை போட்டால் பட்டையின் பதம் விரலுக்குத் தெரியாது, பிஞ்சும் முற்றலும் கலந்து நார் பாழாகும் என்றாள் அவள். பேச்சு வளர்ந்தது. கைமெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

படகை விட்டு இறங்கியதும் நமைச்சல் நின்றது. முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தார். அடுத்த வாரம் சோறு இறங்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டாளா, படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளா, இல்லை தன்னை அடியோடு மறந்தே விட்டாளா என்று நினைத்து நினைத்து அழுதார்.

"அரிக்கலைன்னு அழுற ஆளை இப்பத்தான்டா பாக்குறேன்" என்று சொல்லி, அக்காவே மெஷினைத் தூக்கி அவர் தலையில் வைத்தாள்.

வீட்டில் மனைவி பட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கையுறை இல்லை. இரண்டு கைகளும் முழங்கைவரை தடித்துச் சிவந்திருந்தன. அவர் படியிறங்கிய அன்றே நமைச்சல் அவளிடம் வந்துவிட்டிருந்தது.

"ஏன் சொல்லி அனுப்பல?"

"அங்கயாவது நிம்மதியா இருங்கன்னுதான்."

தையல்காரர் மெஷினை இறக்கி வைத்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தண்டை எடுத்தாள். அவருடைய இடது தோளில் சுருக்கென்றது.

"வந்துடுச்சு" என்றார்.

அவள் கோபம் தீராமல் ஒரு கட்டுத் தண்டை அப்படியே அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். தையல்காரர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சம்மணம் போட்டு, நிதானமாகச் சொறியத் தொடங்கினார்.