ஓட்டைக்கு அடியில் போன வருடம்

அந்த அலுவலகத்தில் மேலாளருக்குப் 'பளிச்' என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது, காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். எதைக் காட்டினாலும் "பளிச்சுனு இருக்கா?" என்பார். சரியாக இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெள்ளம் வந்தால் ஜனங்களைக் கரை சேர்க்க உதவும் வரைபடத்துக்கு இப்படி ஒருவரைப் பொறுப்பாகப் போட்ட புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

வரைபடத்தைத் தைப்பவள் அவருக்குக் கீழே இருந்தாள். தைப்பது என்பது ஏறக்குறைய உண்மைதான். செயற்கைக்கோள் ரேடார் படங்களை நீள நீளத் துண்டுகளாக அனுப்பும். மேகமோ மழையோ அதற்குத் தடை இல்லை. அவற்றை ஒட்டி ஒரே விரிப்பாக்கி இணையத்தில் ஏற்றுவது அவள் வேலை. மீட்பு வண்டிக்காரர்கள் அதைக் கைபேசியில் பார்த்து வழி தேர்வார்கள். அவளுடைய அண்ணனும் அவர்களில் ஒருவன். ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறவன். அவளை 'மேப்பு' என்றுதான் கூப்பிடுவான். "என் தங்கச்சி போட்ட ரோடு" என்று வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

நான்கு நாளாக மழை விடவில்லை. நான்காம் நாள் விரிப்பில் அங்கங்கே வெள்ளை ஓட்டைகள் விழுந்திருந்தன. துண்டு ஒன்று வந்து சேர இரண்டு மணி நேரம் தாமதித்தால்கூட இப்படி ஆகும் என்பதால் அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பளிச்தான் தாண்டவம் ஆடினார்.

"பெரிய அதிகாரி ரூம் திரையில ஓட்டை ஓட்டையாத் தெரியுதும்மா. பாக்க அசிங்கமா இருக்கு. எதையாவது போட்டு அடை."

அடைத்தாள். போன வருடம் கோடையில் எடுத்த ரேடார் படத்தை விரிப்புக்கு அடியில் போட்டாள். ஓட்டை வழியாகப் பழைய வயலும் ரோடும் எட்டிப் பார்த்தன. சாம்பல் நிறம் சாம்பல் நிறத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டுப்போட்ட இடத்தை அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது, சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணன் போனில் கூப்பிட்டான். நடக்க முடியாத நோயாளிகளைத் தாழ்வான ஆஸ்பத்திரியிலிருந்து மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"மேப்பு, கீழ் ரோடா மேல் ரோடா? மேல போனா ஒரு மணி நேரம் கூட ஆகும், வண்டிங்க நிக்குதாம்."

அன்று அதிகாலையில் வந்த புதுப் படம் அதற்குள் ஏறியிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். கீழ் ரோடு கோடு போட்டதுபோல் தெரிந்தது.

"கீழயே போ அண்ணா. காஞ்சு கிடக்கு."

ஒன்பது மணிக்குத்தான் ஓட்டைகளை ஒழுங்காகச் சரிசெய்ய உட்கார்ந்தாள். அடியில் போட்ட பழைய படத்தை அணைத்தாள். ஓட்டைகள் நேற்றைவிடப் பெரிதாகியிருந்தன. எந்தத் துண்டு வரவில்லை என்று பட்டியலைப் பார்த்தாள். எல்லாம் வந்திருந்தன. மறுபடி தைத்துப் பார்த்தாள். அதே ஓட்டைகள், அதே இடத்தில் வந்து நின்றன.

அப்போதுதான் ஒன்று உறுத்தியது. துண்டு விட்டுப்போனால் ஓட்டையின் ஓரம் நேராக இருக்கும். இவை வளைந்து, கிளை பிரிந்து, தாழ்ந்த இடமாகப் பார்த்துப் போயிருந்தன. மூலப் படத்தைத் திறந்து ஓட்டையின் ஓரத்தில் ஒவ்வொரு புள்ளியாக அமுக்கி அதன் எண்ணைப் பார்த்தாள். ஒன்பது. ஐந்து. இரண்டு. சைபர். அதற்கு மேல் போகப் போக எல்லாமே சைபர்.

சாய்வாக வரும் துண்டுகளைச் சுற்றி ஒரு வெற்று ஓரம் இருக்கும். அதன் எண் சைபர். அது பக்கத்துத் துண்டை மறைத்துவிடும் என்பதால், சைபர் வந்தால் படம் இல்லை என்று எடுத்துக்கொள், காட்டாதே என்று ஆறு மாதத்துக்கு முன்பு அவளே கணினிக்குச் சொல்லி வைத்திருந்தாள். அசையாமல் தேங்கி நிற்கும் தண்ணீரில் பட்ட ரேடார் அலை செயற்கைக்கோளுக்குத் திரும்பாது. அதற்கும் எண் சைபர்தான்.

படம் எங்கும் விட்டுப்போகவில்லை. அவள் அடைத்ததெல்லாம் வெள்ளம்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, நல்லவேளை கை மட்டும் ஓடியது. அந்த விதியை நீக்கினாள். பழைய படத்தைத் தூக்கி எறிந்தாள். தண்ணீர் நின்ற இடமெல்லாம் விரிப்பில் கறுப்பாக எழுந்தது. கீழ் ரோடு ஆற்றுப் பக்கம் இறங்குகிற இடத்திலிருந்து அரை மைல் தூரத்துக்குக் காணவே இல்லை.

பளிச் பின்னால் வந்து நின்றார். "என்னம்மா இது, எல்லாம் இருண்டு கிடக்கு? பெரியவர் இப்ப வந்துடுவார். நேத்து இருந்த மாதிரி வை, அப்புறமா பாத்துக்கலாம்."

"சார், அது ஓட்டை இல்ல. தண்ணி."

அவர் அதற்கு என்ன சொன்னார் என்பது அவள் காதில் விழவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை எடுத்தான்.

"அண்ணா, எங்க இருக்க?"

"நீ சொன்ன கீழ் ரோட்டுலதான். எட்டு பேஷன்ட், கூட ஒரு நர்ஸம்மா. மழையில கண்ணாடில ஒண்ணும் தெரியல, மெதுவா உருட்டுறேன்."

"வண்டியத் திருப்பு. முன்னாடி வெள்ளம்."

"ரோட்டு மேல கொஞ்சம் தண்ணி ஓடுது, மழைன்னா ஓடாதா? மேப்புல ரோடு நல்லாத்தான் இருக்கு."

"மாத்திட்டேன் அண்ணா. மூடிட்டுத் திறந்து பாரு."

வைப்பர் சத்தத்துக்கு நடுவே அவன் கைபேசியைத் தட்டுவது கேட்டது. "பாத்துட்டேன். அப்படியேதான் இருக்கு."

அவளுக்கு விளங்கிவிட்டது. சிக்னல் இல்லாத இடத்திலும் உதவட்டும் என்று, ஒருமுறை இறங்கிய படத்தை நாள் முழுக்க வைத்திருக்கும்படி கைபேசிகளுக்குச் செய்திருந்தார்கள். இங்கே அவள் என்ன மாற்றினாலும், அவன் கையில் இருப்பது காலையில் இறங்கியதுதான். அந்த ரோட்டில் போகும் எல்லார் கையிலும் அதுதான் இருக்கும்.

"மேப்பப் பாக்காதே. நான் சொல்றதக் கேளு."

அண்ணன் சிரித்தான். "காலைல போன்னு சொன்னதும் நீதான். இப்பத் திரும்புன்னு சொல்றதும் நீதான். நான் எந்த உன்னக் கேக்கறது? பயந்துட்டியா? பாரு, ஒரு வளைவு தாண்டினா மேடு வந்துடும். உன் மேப்புதான் சொல்லுது."

பளிச் தோளுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தே சொன்னாள்.

"அண்ணா, அந்த ரோடு போன வருஷத்துப் படம். ஓட்டை தெரியக் கூடாதுன்னு நான்தான் அடியில போட்டேன். இன்னிக்கு அங்க என்ன இருக்குன்னு காலைல நான் பாக்கவே இல்ல."

"போன வருஷத்துப் படமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பதற்றமே இல்லாமல், ஒரு தகவல் சொல்வதுபோல் வந்தது.

"டிரைவர், இங்க தரையில தண்ணி ஏறுது."

ரிவர்ஸ் கியர் விழும் சத்தத்தை அவள் கேட்டாள். எஞ்சின் இரண்டு முறை உறுமியது. அவன் அணைக்கவில்லை, அதுவாக அணைந்தது.