நின்ற இடத்தில் கரைந்த சார்ஜ்

ஜோசுவா அந்த மின்சாரக் காரை வாங்கியது நிஷாவின் முதுகுக்காக. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்து, மறுபடியும் நின்றுகொண்டே திரும்பியதில் அவளுக்கு இடுப்புக்கு மேலே ஒரு வலி வந்து தங்கிவிட்டது. ஜோசுவா ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் போகும் வழியில்தான் வேலூர். கார் இருந்தால் காலையில் அவளை இறக்கிவிட்டுப் போய், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வரலாம். பெட்ரோல் கட்டுப்படியாகாது என்பதால் புரோக்கர் ஒருவர் மூலம், மூன்று வருஷம் ஓடிய வெள்ளை நிற மின்சாரக் காரைப் பிடித்தான். முன்பு வைத்திருந்தவர் வாணியம்பாடியில் தோல் வியாபாரி.

வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட இடத்தில் வண்டி நின்றது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே எலக்ட்ரீஷியன் காசி தனியாக ஒரு லைன் இழுத்து பிளக் வைத்துக் கொடுத்தார். வேலை விட்டு வந்ததும் சொருக வேண்டியது, படுக்கப் போகும் முன் பிடுங்க வேண்டியது. நிஷா காரில் சாய்ந்து உட்கார்ந்து போனாள். வலி குறைந்தது. இரண்டு பேருக்கும் அது பெரிய விஷயமாக இருந்தது.

சார்ஜ் குறைவதை முதலில் கவனித்தவள் அவள்தான்.

"என்னங்க, ராத்திரி தொண்ணூறு காட்டுச்சுல்ல? இப்ப எண்பதுதான் இருக்குது."

"நீ சரியாப் பாத்திருக்க மாட்ட."

மறுநாள் அவனே பார்த்தான். தொண்ணூறில் விட்டது எண்பத்தொன்றில் இருந்தது. ஒரு அடி நகராத வண்டி. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சும்மா நின்றதில் இன்னும் அதிகமாக இறங்கியது. வீட்டு லைனில் கோளாறோ என்று காசியைக் கூப்பிட்டான். அவர் எர்த் பார்த்தார், வோல்டேஜ் பார்த்தார், பிளக்கைக் கழற்றி மாட்டினார்.

"லைன்ல ஒண்ணும் இல்ல சார். பிளக்கப் புடுங்குன பிற்பாடுதானே கொறையுது? அப்ப வண்டியத்தான் பாக்கணும்."

பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். அந்த வாரமே வெள்ளிக்கிழமை, வேலூரிலிருந்து திரும்பும்போது, பாலம் வேலை நடந்த இடத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. சித்திரை வெயில், ஏசியை அணைக்க மனசில்லை. பள்ளிகொண்டா டோல்கேட் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கார் வேகத்தைக் குறைத்தது, ஊர்ந்தது, ஓரமாக நின்றேவிட்டது. லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு பறந்தன. நிஷா சாலையோரத் தடுப்புக் கம்பியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துப் போகும் வண்டி வரும்வரை ஜோசுவா யாருக்கெல்லாமோ போன் செய்தான். போன் செய்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: பேட்டரி போயிருக்கும். பேட்டரி மாற்றுவது என்றால் இன்னொரு வண்டி வாங்குவது மாதிரி.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு நிஷா மெதுவாகச் சொன்னாள். "வித்துடலாம். நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்."

செகண்ட் ஹேண்டில் ஏமாந்துவிட்டோம் என்பதைவிட, அவள் அப்படிச் சொன்னதுதான் அவனைக் குத்தியது.

மறுநாள் சனிக்கிழமை அவளுக்கு லீவு. மத்தியானம் காய்ந்த துணிகளை எடுக்க வெளியே வந்தவள், காருக்குள் 'டக்' என்று ஏதோ சத்தம் கேட்டு நின்றாள். பிறகு காற்றாடி சுற்றும் இரைச்சல். கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி சார்ஜ் ஏற்றிப் பூட்டிய வண்டி. சாவி பீரோவில். ஜோசுவா அன்று பஸ்ஸில் கம்பெனிக்குப் போயிருந்தான்.

துணியைக் கீழே போட்டுவிட்டு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு சவுரியம்மாள் ஓடி வந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏசி தானாக நின்றது.

சவுரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். "யம்மா, இது யாரு வச்சிருந்த வண்டி? அவுங்க உயிரோட கீறாங்களா, இல்லியா? மொதல்ல அதக் கேளு. நம்ம ஃபாதரக் கூட்டியாந்து தீர்த்தம் தெளிச்சிடலாம்."

"சும்மா இருங்க ஆன்ட்டி, நீங்க வேற பயமுறுத்தாதீங்க" என்று நிஷா சொன்னாள். ஆனால் ஜோசுவா வரும்வரை அந்தப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வேலூர் சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். அங்கே அலீனா என்ற பெண் வண்டியைக் கம்ப்யூட்டரில் இணைத்து வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற ஜோசுவாவுக்குத் தன் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

அலீனா வெளியே வந்தாள். "சார், பேட்டரி ரொம்ப நல்லா இருக்கு. மூணு வருஷ வண்டிக்கு இது சூப்பர்."

"நெஜமாவா?"

"நெஜமா சார்."

நிஷா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜோசுவாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "அப்ப ஏங்க சார்ஜ் எறங்குது?"

"நிறுத்தி வெச்சா வண்டி தூங்கணும் சார். அப்பவும் சார்ஜ் செலவாகும், ஆனா ரொம்பக் கம்மி. உங்க வண்டி தூங்கறதே இல்ல. போன்ல ஆப்பைத் திறந்து வண்டியப் பாத்தாலே அது முழிச்சுக்கும். முழிச்சா மறுபடி தூங்க நேரமாகும். அதுக்குள்ள திரும்பப் பாத்தா திரும்ப முழிக்கும். ஆப்ல யார் இதை அடிக்கடி பாக்கறது, நீங்களா மேடமா?"

ஜோசுவாவும் நிஷாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்ககிட்ட அந்த ஆப்பே இல்லீங்களே" என்றான் ஜோசுவா.

அலீனா திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பழைய ஓனரின் கணக்கு வண்டியிலிருந்து நீக்கப்படவே இல்லை. விற்கும்போது செய்ய வேண்டியதை யாரும் செய்யவில்லை. ஏசியைப் போட்டதும் அந்தக் கணக்கு இருந்த போனிலிருந்துதான்.

"வண்டி எங்க இருக்குதுன்னும் அதுல தெரியுமா?" என்று நிஷா கேட்டாள்.

"தெரியும் மேடம்." அலீனாவுக்கே அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது. "நாங்க கம்பெனிக்கு எழுதி எடுக்கணும்னா ஒரு வாரம் ஆகும். அவங்களே போன்ல எடுத்துட்டா உடனே முடிஞ்சுடும்."

பேட்டரி நன்றாக இருக்கிறது என்ற நிம்மதி பார்க்கிங் வரைகூட நிலைக்கவில்லை. நாம் போகும் இடமெல்லாம், வரும் நேரமெல்லாம் எவனோ ஒருவன் போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஜோசுவா அங்கேயே நின்று புரோக்கரிடம் நம்பர் வாங்கி, பழைய ஓனர் ஆபித் பாஷாவைக் கூப்பிட்டு, ஆப்பில் பார்ப்பதால் சார்ஜ் கரைவதையும் ரோட்டில் நின்றதையும் சொன்னான்.

"அரே, நான் எதுக்கு சார் உங்க வண்டியப் பாக்கப் போறேன்? எனக்கு இருக்கிற பேஜார்ல என் வண்டியப் பாக்கவே நேரமில்ல" என்றார் அவர். குரலில் பொய் இல்லை. "ஆப்பெல்லாம் எனக்குத் தெரியாது. என் ஒய்ஃப் போன்ல இருந்திச்சு. நீங்க நேரா வீட்டுக்கு வாங்க, என் எதிர்லயே எடுத்துடலாம்."

அன்று மாலையே வாணியம்பாடிக்குப் போனார்கள். வழி நெடுக என்னென்ன கேட்க வேண்டும் என்று ஜோசுவா சொல்லிக்கொண்டே வந்தான். போலீஸ் என்ற வார்த்தையும் அதில் இருந்தது.

ஆபித் பாஷா வாசலுக்கே வந்து அழைத்துப் போய் உட்கார வைத்தார். வாட்டசாட்டமான மனிதர், சட்டைப் பையில் இரண்டு போன்கள். அவர் மனைவி ஃபிர்தௌஸ் டீ கொண்டுவந்தாள். நாற்பது வயது இருக்கும். தட்டைக் கீழே வைத்தவள் உள்ளே போகவில்லை.

ஜோசுவா மனதில் அடுக்கி வைத்திருந்ததை ஆரம்பித்தான். "பாய், எங்க வீட்ல பொம்பள தனியா இருக்கிற நேரமும் உண்டு. யாரோ போன்ல எங்களப் பாத்துக்கினே இருக்காங்கன்னா..."

"யாரோ இல்லீங்க. நான்தான்" என்றாள் ஃபிர்தௌஸ்.

ஆபித் பாஷா திரும்பிப் பார்த்தார். "நீயா? எதுக்கு?"

அவள் நிஷாவைப் பார்த்துப் பேசினாள். "நான் டிரைவிங் கத்துக்கிட்டதே அந்த வண்டிலதாம்மா. எங்க ரெண்டு வீட்லயும் வண்டி ஓட்டுன மொத லேடீஸ் நான்தான். புள்ளைங்கள ஸ்கூல்ல விடுவேன், பேரணாம்பட்டுல எங்க அம்மாவைப் பாக்கப் போவேன். திடீர்னு ஒருநாள் பெரிய வண்டி வந்துச்சு, டிரைவர் வந்தாரு, இது போய்டுச்சு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. போன்ல மட்டும் வண்டி அப்படியே இருந்துச்சு. சும்மா தொட்டுப் பாத்தேன். ஆம்பூர்ல நிக்குதுன்னு காட்டுச்சு. அப்புறம் பாக்காம இருக்க முடியல. தூக்கம் வராதப்ப பாப்பேன். சமையல்ல இருக்கறப்ப பாப்பேன். இன்னிக்கு ராணிப்பேட்டை போச்சு, இன்னிக்கு வீட்ல நிக்குதுன்னு. வண்டியத்தாம்மா பாத்தேன். உங்கள இல்ல. உங்க பேருகூட எனக்குத் தெரியாது."

"ஏசி?" என்றாள் நிஷா.

ஃபிர்தௌஸின் முகம் சிவந்தது. "சனிக்கெழம உள்ள அவ்ளோ சூடு காட்டுச்சு. வெயில்ல நிக்குதேன்னு கொஞ்ச நேரம் போட்டுட்டேன்."

திடீரென்று நிஷா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா, அந்த ஏசியப் பாத்துட்டு எங்க பக்கத்து வீட்டம்மா ஃபாதரக் கூட்டியாந்து தீர்த்தம் தெளிக்கணும்னு சொல்லிட்டாங்கக்கா. வண்டி ஓனர் உயிரோட இருக்காங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

"யா அல்லாஹ்!" என்று ஃபிர்தௌஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள். ஜோசுவாவுக்கு உள்ளே இறுகிக் கிடந்தது இளகியது. திருடன் இல்லை, வேவு பார்த்தவன் இல்லை, பேட்டரியும் போகவில்லை. டீயை எடுத்துக் குடித்தான்.

"பாத்தா சார்ஜ் கரையும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்று ஃபிர்தௌஸ் அவனிடம் சொன்னாள். "ரோட்ல நின்னுட்டீங்களாமே. பெரிய தப்பு பண்ணிட்டேன்." போனை எடுத்து, நிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண்ணெதிரிலேயே அந்தக் கணக்கிலிருந்து வண்டியை நீக்கினாள். கடைசியாக நிஜமாகவே நீக்கவா என்று போன் கேட்டது. அவள் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தினாள்.

நிஷா அதைப் பார்த்தாள். எழுந்து, ஜோசுவாவின் கையிலிருந்து சாவியை வாங்கினாள். "அக்கா, வாசல்லதான் நிக்குது. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வர்றீங்களா? நானும் வர்றேன்."

ஃபிர்தௌஸ் கணவனைப் பார்க்கவில்லை. "துப்பட்டா எடுத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள்.

கடைசியில் நான்கு பேரும் போனார்கள். முன் இருக்கையில் பெண்கள் இருவரும். பின்னால் ஜோசுவாவும், முழங்கால் இடிக்க ஆபித் பாஷாவும். ஃபிர்தௌஸ் கடைத்தெரு நெரிசலில் ஒருமுறைகூடத் தடுமாறாமல் வளைந்து வெளியேறி, நெடுஞ்சாலையில் நாட்றம்பள்ளிப் பக்கம் திருப்பினாள். பிரேக்கை அழுத்தாமலே எப்படி வேகத்தைக் குறைப்பது, அதில் எப்படி சார்ஜ் கொஞ்சம் திரும்பி ஏறும் என்று நிஷாவுக்குக் காட்டிக்கொண்டே போனாள். மூன்று மாதமாக ஓட்டும் ஜோசுவாவுக்கே அதில் பாதி தெரியாது. அவன் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டான்.

மனைவி ஓட்டிய வண்டியில் அதுவரை தான் உட்கார்ந்ததே இல்லை என்று ஆபித் பாஷா பிறகுதான் சொன்னார். ஒரு லாரியை அவள் நிதானமாகத் தாண்டியபோது கைப்பிடியைப் பிடித்தார். தாண்டி முடித்ததும் விட்டுவிட்டார்.

"இவ்ளோ நல்லா ஓட்றான்னு எனக்குத் தெரியாது சார்" என்றார் தாழ்ந்த குரலில். "டிரைவர் வந்தா அவளுக்கு ரெஸ்ட்டுன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாம் பாய்."

"கேட்டிருக்கலாம்." தாடியைத் தடவிக்கொண்டார். "இதே மாடல் இன்னொண்ணு கெடைக்குமா?"

"தேடிப் பாக்கலாம். எங்க கம்பெனிலயே ரெண்டு பேரு வச்சிருக்காங்க."

ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியில் அவள் கண்கள் ஒரு தடவை பின்னால் பார்த்துவிட்டு மறுபடி சாலைக்குத் திரும்பின. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினாள். யாரும் தடுக்கவில்லை.

ஆம்பூருக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. "வித்துடலாம்னு சொன்னேன்ல, அத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள் நிஷா. இருக்கையைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம அவங்க வரேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கறாங்களாம்."

"அப்ப நான்?"

"நீங்க பின்னால பாய் பக்கத்துல."

செவ்வாய்க்கிழமை காலையில் ஜோசுவா பல்கூடத் துலக்காமல் போய்க் கார் கதவைத் திறந்தான். தொண்ணூறில் விட்டது தொண்ணூறிலேயே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கோலம் போட்டுக்கொண்டிருந்த சவுரியம்மாள் நிமிர்ந்து, "இன்னாப்பா ஆச்சு? ஓனரு உயிரோட கீறாங்களா?" என்று கேட்டார்.

"நல்லா கீறாங்க ஆன்ட்டி" என்றான் அவன். "ஞாயித்துக்கெழம பிரியாணி எடுத்துக்கினு வராங்க. நீங்களும் வந்துடுங்க."