ஹாலில் முகம் திருப்பியவள்

மூலக்குளத்தில் பலராமன் கட்டிய புதுவீட்டு ஹாலில் மாட்டியிருந்த படத்துப் பெண், கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் காலையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரேயடியாக இல்லை. கடிகாரத்தின் சின்ன முள் மாதிரி, பார்த்துக்கொண்டே நின்றால் அசையமாட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம் தள்ளியிருப்பாள். அந்த வருஷம் வில்லியனூர்ச் சந்தையில் தக்காளி எகிறியது, மழை பேருக்குப் பெய்தது, பண்டசோழநல்லூர்ப் பக்கம் பாதிப்பேர் கரும்பு போடுவதை விட்டார்கள். இதுவும் அந்த வருஷத்துச் சங்கதிதான்.

பலராமன் பண்டசோழநல்லூரில் நெல்லும் கரும்பும் போட்ட ஆள். ஒரே மகள் இளவரசி. அவர் வயலில் தலைமுறையாகக் கரும்பு வெட்டிய குடும்பத்துப் பையன் ஆண்டனியைக் கட்டிக்கொண்டு, அவன் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கும் நல்லவாட்டுக்குக் குடிபோய்விட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் வைத்துப் பேசினார்கள். “எனக்குப் பொண்ணே இல்ல சார், செத்துப்போச்சு” என்றார் பலராமன். பக்கத்தில் நின்ற மனைவி தையலம்மாள் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளின் ஒரு பக்கத்து முகம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. ஏறின நெற்றி, நீளக் கழுத்து, துடிக்கிற தாடை. அம்மா ஏதாவது சொல்லுவாளா என்று அந்தப் பெண் காத்திருந்தது தையலம்மாளுக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா நின்றாள். வீட்டுக்கு வந்து தலைமுழுகினார்கள். பலராமன் ஆல்பத்தோடு போட்டோக்களைக் கொளுத்தினார், ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தார், ஊர்வாய்க்குப் பயந்து பாதி நிலத்தை விற்று மூலக்குளத்தில் மாடிவீடு கட்டினார். மகள் முகம் என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் ஒரு பாஸ்போர்ட் சைஸ்கூட இல்லை.

வீட்டை அலங்கரிக்க வந்த புகழ்வேந்தன் என்கிற பையன், இத்தனை உயரச் சுவரைச் சும்மா விடக்கூடாது என்றான். டவுனில் ஒரு பெரிய ஓட்டலில் ரிசப்ஷனுக்குப் போனபோது சுவரெல்லாம் இத்தாலிக்காரர்கள் வரைந்த பழைய படங்களாக மாட்டியிருந்ததைப் பலராமன் பார்த்திருந்தார். அதே மாதிரி வேண்டும் என்றார். ஒரிஜினலெல்லாம் ஐநூறு வருஷத்துக்கு முந்தியது, மியூசியத்தில் இருக்கிறது, நாம் அச்சு அசலாகப் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, அவன் டேப்லெட்டில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். சிப்பிமேல் துணியில்லாமல் நின்றவளைப் பார்த்துப் பலராமன் தலையில் அடித்துக்கொண்டார். “இத்த மாட்டிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு வூட்டுல ஒக்கார்றது?” நீளப் பந்தியில் எல்லாரும் ஒரே வரிசையாக உட்கார்ந்திருந்த படத்தில் பரிமாறுகிறவன் எங்கே என்று கேட்டார். குழந்தையை மடியில் வைத்திருந்த தாயைப் பிடித்தது, குழந்தைக்குத்தான் கிழவன் முகமாக இருக்கிறது என்று வேண்டாமென்றார். அடுத்து வந்தது ஒரு இளம்பெண். பக்கவாட்டில் உட்கார்ந்து எதையோ பார்க்கிறாள். ஏறின நெற்றி, நீளக் கழுத்து, முத்துச்சரம் சுற்றித் தூக்கிக் கட்டிய கொண்டை. காபி கொண்டுவந்த தையலம்மாள் தம்ளரைக் கீழே வைக்காமலே, “இது” என்றாள். அந்த வீட்டு விஷயத்தில் அவள் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். வெள்ளைக்காரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார் பலராமன். மகளை அப்பன் கண்ணெதிரிலேயே வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டோம் என்று அன்றைக்கு ராத்திரி பாவம், அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

நம் பக்கத்து வீடுகளில் ஹாலில் கண்ணாடி போட்டுத் தொங்குகிற பெண் யாராக இருக்க முடியும்? சாமி பூஜை அறையில் இருக்கும், சினிமாக்காரி காலண்டரில் இருப்பாள். மிச்சம் செத்தவர்கள்தான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பலராமனின் அக்கா பவுனம்மாளுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. தம்பி மகள் செத்துப்போனாள் என்று தம்பியே சொல்லக் கேட்டிருந்தாள். படத்துக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சி, நெற்றி இருக்குமிடத்தில் கண்ணாடிமேல் குங்குமம் வைத்து, “இத்தினி அழகா கண்ணு நீ போய்ச் சேந்த” என்று ஒரு பாட்டம் அழுதாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்து கும்பிட்டார்கள். வெள்ளைக்காரி என்று யாருக்கும் தோன்றவில்லை. வெயில்படாமல் வளர்ந்த பெண் என்றார்கள். பலராமன் மறுக்கவில்லை. மறுத்தால் செத்தவளை உயிரோடு எழுப்பியாக வேண்டும். அவரே ஆளனுப்பிச் சந்தன மாலை வாங்கிவரச் சொல்லி, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். தையலம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

செய்தி பாகூர் தாண்டி நல்லவாட்டுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? மறுநாள் காலை படத்தில் மூக்கு நுனி குறைந்திருந்தது. புகழ்வேந்தன் வந்து பார்த்துப் பிரிண்ட் கோளாறு என்று காசு வாங்காமல் அதே படத்தை மறுபடி பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தான். பிரித்தால், பழைய படம் அன்றைக்கு எவ்வளவு திரும்பியிருந்ததோ புதியதும் அவ்வளவு திரும்பியிருந்தது. சிலர் வாஸ்து என்றார்கள், சிலர் மேற்கு வெயில் என்றார்கள். தையலம்மாளுக்கு மட்டும் காரணம் தெரிந்தது. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நல்லவாட்டுக்குப் பஸ் ஏறினாள்.

இளவரசி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட் சத்தத்துக்குத் திரும்பியவள், வந்தது யாரென்று பார்த்ததும் மறுபடி கொடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னாம்மா, காரியத்துக்குக் கூப்புட வந்தியா?”

“அது நீ இல்லடி. அது யாரோ வெள்ளக்காரி.”

“வெள்ளக்காரிக்கு எதுக்கு மாலை?”

“ஒங்கப்பாதான் போட்டாரு.”

“நீ இன்னா பண்ண?”

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதை எப்படிச் சொல்வது? “ஒன்ன மாதிரியே இருந்துதுடி. அதான் ஆசையா எடுத்தேன்” என்றாள் தையலம்மாள்.

“என்ன மாதிரி இருக்குறத எடுத்து மாட்டுன. என்ன வந்து பாக்க ஒனுக்குத் தோணல. நேத்திக்கும் இந்த பஸ்ஸு ஓடிச்சிம்மா.” அவள் கடைசித் துணியை உதறிப் போட்டுவிட்டு, திரும்பாமலே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தையலம்மாள் வீடு வந்து மாலையைக் கழற்றினாள், குங்குமத்தைத் துடைத்தாள். பலராமன் அந்தப் பக்கம் நிமிராமல் மாடிக்குப் போனார். படத்தில் அதற்குள் கன்னம் போய்க் காது மட்டும் இருந்தது. மறுவருஷம் காதும் போனது. அதன்பிறகு கொண்டையும் முத்துச்சரமும் பிடரியும்தான். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று சுவருக்குத்தான் தெரியும். தையலம்மாள் ஒருநாள் ஆணியிலிருந்து இறக்கித் திருப்பிக்கூடப் பார்த்தாள். அட்டைதான் இருந்தது.

ஆனாலும் பெற்றவளுக்குப் பிடரி போதாதா? ஒருமுறை கொண்டை ஒட்டிப்போய் முடி கொட்டியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத்தான் இப்படிக் கொட்டும், பேத்தியோ பேரனோ பிறந்து மூன்று நான்கு மாசம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். லேகியம் கிளறி டப்பாவில் போட்டுப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். டப்பா பிரிக்காமல் திரும்பி வந்தது. வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், ஆண்டனிக்கு எஞ்சின் வேலை இல்லாத நாளில், படத்தில் முடி எண்ணெயில்லாமல் பரட்டையாகத் தெரியும். அந்த நாட்களில் தையலம்மாளும் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டாள். வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்கும் படம் பழகிப்போயிற்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற ஆட்கள் படத்தை இறக்கி, துடைத்து, திரும்ப அப்படியே மாட்டினார்கள்.

போன தை மாசம் ஒரு காலையில் பிடரிக்குமேல் ஒரு வெள்ளை முடி தெரிந்தது. “இன்னாங்க, நரைச்சிருக்கு” என்றாள் தையலம்மாள். மாலை மாட்டிய நாளுக்குப் பிறகு அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்காத பலராமன், எழுந்துவந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“செத்ததுக்கு நரைக்குமா?” என்று கேட்டார்.

“நரைக்காது.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நல்லவாட்டுக்குப் பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பி வந்தார். அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், ஆண்டனி குடும்பத்தோடு கேரளாப் பக்கம் எந்தத் துறைமுகத்துக்கோ போய் ஒரு வருஷத்துக்குமேல் ஆகிறதாம், போன் நம்பர் யாரிடமும் இல்லையாம். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றாமலே ஹாலில் உட்கார்ந்தார். தையலம்மாள் சோறு போட்டாள். இருவராலும் சாப்பிட முடியவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்கள் யார் படம் என்று கேட்டால் பலராமனே பதில் சொல்கிறார்.

“எங்க பொண்ணு.”

“எங்க இருக்காங்க?”

“தெரியாது. உயிரோட இருக்குது.”

ஏன் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது கேட்டால், எங்கள்மேல் கோபம் என்கிறார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுக் காபியைக் குடிக்கிறார்கள்.