மார்லிஸின் நாலு நிமிடம்

ஒரே ஒரு வரி. அதைத் தட்டச் சோம்பல்பட்டவன் நான்.

ஏப்ரலில் எங்கள் கவுண்டியின் அவசர அழைப்பு மையத்தில், அழைப்பு வரும் நேரத்தைக் குறிக்கும் பழைய தொலைபேசிப் பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். அங்குள்ள கருவிகளெல்லாம் ஒரு நேர சர்வரைக் கேட்டுத்தான் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். புதுப் பெட்டிக்கு அந்த சர்வரின் முகவரியைச் சொல்லியிருக்க வேண்டும். பசி அவசரத்தில் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அடித்துவிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். அந்த நாளை வரவேயில்லை.

அக்டோபரில், தனியாக இருந்த ஒரு விவசாயி நெஞ்சுவலி என்று அழைத்தார். ஆம்புலன்ஸ் போவதற்குள் இறந்துவிட்டார். அழைப்பு வந்தது 2:06 என்றது பெட்டி. அழைப்புகளை எடுக்கும் மார்லிஸ் அதை எடுத்தது 2:10 என்றது அவள் மேசைக் கணினி. இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவள், நாலு நிமிடம் மணியடிக்க விட்டாள் என்று ஆகிவிட்டது.

மேலாளர் டுவேன் என்னிடம் கேட்டார். "கோர்டி, கடிகாரமெல்லாம் சரிதானே?"

"எல்லாம் ஒரே சர்வரைப் பார்த்துதான் ஓடுது. மெஷினா பொய் சொல்லும்?"

எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை. மார்லிஸை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, வேறு எதற்கோ சோதனை அழைப்பு போட்டேன். மணி ஒன்று பத்து. பெட்டி ஒன்று ஆறு என்று குறித்தது. ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியிருக்கிறது. டுவேனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எங்கிட்ட ஏன்டா நிக்கிற? அவகிட்டப் போய்ச் சொல்லு!"

மார்லிஸ் கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, மிதியடியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அழைப்பு வந்ததே ரெண்டு பத்துக்குத்தான். நீங்க உடனேயே எடுத்துட்டீங்க. தப்பு என்னுது, மார்லிஸ்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இல்லடா கோர்டி. நான் காபி ஊத்திட்டு இருந்தேன். மணி அடிச்சுது. ஒரு வாய் குடிச்சுட்டுப் போலாம்னு நின்னுட்டேன்."

"அப்படி எதுவும் நடக்கவேயில்ல!"

"நடந்துச்சு. அந்தக் கப்புகூட ஞாபகம் இருக்கு. நேத்து துக்க வீட்டுச் சாப்பாடா ஒரு ஹாட்டிஷ் பண்ணி எடுத்துட்டு, அந்த விவசாயியோட மக வீட்டுக்குப் போனேன். 'உங்கப்பா சாவுக்கு நான்தான் காரணம்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கதவைச் சாத்திட்டா." மார்லிஸ் என் தோளைத் தட்டினாள். "எனக்காகப் பழியை நீ ஏத்துக்காதடா. நீ நல்ல பையன்."